பதினான்கு நாள் பச்சை

சாயப் பட்டறையில் முப்பத்தேழு வருஷம் பாய்லர் பார்த்தவரைத் தெருவில் எல்லாரும் பாய்லர் என்றே கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகியும் அந்தப் பேர் அவரை விடவில்லை. படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. ஆனால் ஓர் எண்ணைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும், மண்டையில் ஆணி அடித்த மாதிரி நிற்கும். மனிதர்கள் சொல்வதை அவர் லேசில் நம்பமாட்டார். போன் சொல்வதை அறவே நம்பமாட்டார்.

அப்படிப்பட்டவர் கையில்தான் ஆஸ்பத்திரிக்காரர்கள் அவர் மனைவியைப் போனுக்குள் போட்டுக் கொடுத்தார்கள்.

மனைவிக்கு இதயம் தளர்ந்துவிட்டது. பம்பு சரியாக இறைக்கவில்லை, அதனால் உடம்பில் தண்ணீர் தேங்குகிறது என்று டாக்டர் சொன்னபோது அவருக்கு உடனே புரிந்தது. பதினோரு நாள் படுக்கையில் வைத்துத் தண்ணீரை இறக்கினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது ஓர் எடைக்கருவி, தண்ணீரை வெளியேற்றும் மாத்திரை, கூடவே போனில் அவள் பேரில் ஒரு பக்கம். ரத்தப் பரிசோதனை, மருந்துச் சீட்டு, டாக்டர் எழுதுவது எல்லாம் அதில் வரும். தினமும் காலையில் சாப்பிடுவதற்கு முன்னால் அவள் எடையைப் பார்த்து அதில் போட வேண்டும். சரியாக இருந்தால் பச்சை வட்டம். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறினால் சிவப்பு. சிவப்பு வந்தால் அங்கே ஒரு நர்ஸ் பார்ப்பார், உடனே கூப்பிடுவார்.

"அப்பா, நானும் என் போன்ல இதைத் தினம் பார்ப்பேன். ஒண்ணும் பயப்படாதீங்க" என்று மகள் பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்துவிட்டு, ஆறு மணி நேர ரயில் தூரத்தில் இருக்கும் தன் வேலைக்குத் திரும்பிப் போனாள்.

"எல்லாத்தையும் இது பாத்துக்கும்னா நான் எதுக்கு?" என்றார் பாய்லர்.

"நீங்க எண்ணை மட்டும் போடுங்க. அதுதான் உங்க வேலை."

மூன்றாம் நாளே சிவப்பு வந்தது. அறுபத்திரண்டு புள்ளி ஒன்பது. அரை மணியில் ஆஸ்பத்திரி வண்டி வந்து வாசலில் நின்றது. இரண்டு நாள் அங்கே வைத்துக் குத்தினார்கள், குடைந்தார்கள், கடைசியில் ஒன்றுமில்லை என்றார்கள். அன்றைக்குக் குளிர் என்று அவள் கனத்த கம்பளிச் சட்டையோடும் செருப்போடும் கருவியில் ஏறி நின்றிருக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு நாளில் பக்கத்துக் கட்டில்காரி, காலையில் இவளோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தவள், மத்தியானம் சாப்பாட்டுத் தட்டு வரும்போது போய்ச் சேர்ந்துவிட்டாள். திரையை இழுத்தார்கள். திரைக்கு இந்தப் பக்கம் இவள் தட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷத்தில் எதையும் கெஞ்சிக் கேட்காதவள்.

"என்னங்க, இனிமே அங்க என்னை அனுப்பாதீங்க. என்ன ஆனாலும் சரி. அந்தச் சிவப்பு மட்டும் வரக்கூடாது."

"வராது" என்றார்.

வாக்குக் கொடுக்கும்போது மனிதனுக்கு அது என்ன விலை என்று தெரிவதில்லை.

ஐந்து நாள் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. அறுபத்தொன்று, அறுபத்தொன்று புள்ளி இரண்டு, அறுபத்தொன்று புள்ளி மூன்று. பச்சை, பச்சை, பச்சை. அவளுக்கு வயிற்றைத் தாண்டிக் கீழே எட்டிப் பார்த்து எண்ணைப் படிக்க முடியாது, கண்ணாடியும் போட்டிருக்கமாட்டாள். அவர்தான் குனிந்து படித்துச் சொல்வார். "என்னையும் பாய்லர்னு நெனச்சுட்டீங்களா, விடிஞ்சா குனிஞ்சு பார்க்கறீங்க?" என்று அவள் சிரிப்பாள்.

ஆறாம் நாள் அறுபத்திரண்டு புள்ளி நான்கு. சட்டை மெல்லியதுதான். செருப்பும் இல்லை.

குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார்.

"எவ்வளவுங்க?"

"அறுபத்தொண்ணு மூணு" என்றார். போனிலும் அதையே போட்டார். பச்சை.

இதை அவர் பொய் என்று நினைக்கவில்லை. அதை இங்கே சொல்லியாக வேண்டும். பாய்லர் அறையில் ஒவ்வொரு மணி நேரமும் அழுத்தத்தையும் தண்ணீர் மட்டத்தையும் லாக் புக்கில் எழுத வேண்டும். சேர்ந்த முதல் மாதத்திலேயே மூத்த ஆள் ஒருவர் அவருக்குத் தொழில் சொல்லிக் கொடுத்திருந்தார். அழுத்தம் காட்டும் ஊசி சிவப்பில் நின்றால் அதை எழுதாதே. முதலில் சரி பண்ணு. தண்ணீரை ஏற்று, தீயைக் குறை, ஊசி இறங்கட்டும். இறங்கின பிறகு இறங்கின எண்ணை எழுது. சிவப்பை எழுதினால் மேலதிகாரி வருவான், பாய்லரை அணைப்பான், நூறு பேர் வேலையில்லாமல் வாசலில் நிற்பார்கள், ஐந்து நிமிஷத்தில் தீர்கிற காரியத்துக்கு. எல்லா ஷிப்டிலும் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். அதற்குத் திருத்தி எழுதுவது என்று பேர். முப்பத்தேழு வருஷத்தில் ஒரு நாள்கூட அந்தப் பாய்லர் வெடிக்கவில்லை. அப்புறம் எப்படி அவர் அதைத் தப்பு என்று நினைப்பார்?

எழுதியாகிவிட்டது. இனி உடம்பை அந்த எண்ணுக்கு இறக்க வேண்டியதுதான் பாக்கி. சாப்பாட்டில் உப்பை மறந்தே போனார். குடிக்கிற தண்ணீரைச் சின்ன டம்ளரில் அளந்து கொடுத்தார். அவள் இரண்டாவது டம்ளர் கேட்டால், "டாக்டர் திட்டுவார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். மறுநாள் அறுபத்திரண்டு. அதற்கு அடுத்த நாள் அறுபத்தொன்று புள்ளி ஏழு.

பார்த்தாயா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அன்றைக்கு அவருக்கு நடையே மாறிவிட்டது.

திருத்தி எழுத ஆரம்பித்த நாலாம் நாள் அறுபத்திரண்டு புள்ளி மூன்று. அப்புறம் அறுபத்திரண்டு எட்டு. அப்புறம் அறுபத்து மூன்று ஒன்று. பாய்லருக்கு வால்வு உண்டு, திறந்தால் ஆவி போகும். மனித உடம்பில் அந்த வால்வு எங்கே இருக்கிறது என்று அவருக்கு யாரும் காட்டிக் கொடுத்திருக்கவில்லை.

அந்த ஆறாம் நாள் மத்தியானம் போனில் மணி அடித்தது. டாக்டர் எழுதியிருந்தார். பாய்லர் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

'எடை மிகவும் சீராக உள்ளது. நல்ல முன்னேற்றம். சிறுநீரகத்துக்குச் சுமை வேண்டாம் என்பதால், தண்ணீர் மாத்திரையை நாளை முதல் பாதியாகக் குறைக்கவும்.'

இரண்டாம் தடவை படித்தார். எழுத்து மாறவில்லை.

மகள் உடனே கூப்பிட்டாள். அவளுக்கும் அந்த மெசேஜ் போயிருந்தது.

"அப்பா, பாத்தீங்களா! மாத்திரையே பாதியாயிடுச்சு. நான் பயந்துட்டே இருந்தேன் தெரியுமா? அடுத்த வாரம் லீவு போட்டிருந்தேன், இப்போ அதைத் தள்ளி வச்சுக்கலாம்னு பார்க்கறேன். அடுத்த மாசம் சேர்ந்தாப்ல பத்து நாள் வந்து இருக்கேன்."

"வர்றதுன்னா வா."

"வரட்டுமா வேணாமா, தெளிவா சொல்லுங்க."

அவர் சமையலறையில் இருந்தார். கதவுக்கு அப்பால் மனைவி ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்ல அதுதான் நேரம். ஒரே ஒரு வாக்கியம். வாய் திறந்தது.

"உன் சௌகரியம்" என்றார்.

மாத்திரையைப் பாதியாக்கவில்லை. அந்த அளவுக்கு அவர் மடையர் இல்லை. முழுசாகவே கொடுத்துக்கொண்டிருந்தார். மாத்திரைப் பட்டையில் மூன்று மிச்சம் இருந்தது, மூன்று நாள் ஓடியது. ஒன்பதாம் நாள் மருந்துக்கடைக்குப் போனார். கடைக்காரர் கணினியில் அவள் பக்கத்தைத் திறந்து பார்த்தார்.

"அரை மாத்திரைக் கணக்குக்குத்தான் போட்டிருக்கு பெரியவரே. பழைய பட்டை இன்னும் மூணு நாளைக்கு வரணுமே?"

"தொலைஞ்சு போச்சு. முழுசா குடுங்க."

"நான் எப்படிக் குடுக்க முடியும்? ஒரு மாத்திரை அதிகமாக் குடுத்தாலும் இந்த மெஷின் என்னைப் பிடிச்சுக்கும். அரை அளவிலேயே தனியா மாத்திரை வருது, வாங்கிக்குங்க."

"அவளுக்கு அரை பத்தாது."

"யார் சொன்னது?"

கடைக்காரர் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். வரிசையாகப் பச்சை வட்டங்கள். கொடியில் கட்டின விளக்கு மாதிரி.

"இதைப் பாருங்க. என் மாமனாருக்கு இந்த மாதிரி ஒரு வாரம் வந்தா நான் ஊருக்கே விருந்து வைப்பேன். நல்லா இருக்காங்கன்னுதானே குறைச்சிருக்காரு? சந்தோஷமா வீட்டுக்குப் போங்க."

வழியில் ஒரு பஸ் நிழற்குடையில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் டாக்டருக்கு எழுதினார். 'முழு மாத்திரை வேண்டும்.' ஐந்து எழுத்துக்கு ஒரு எழுத்து தப்பாக விழுந்தது. வீடு போய்ச் சேர்வதற்குள் பதில் வந்துவிட்டது. 'பதிவுகள் சீராக உள்ளன. கவலை வேண்டாம். எடையைத் தொடர்ந்து பதிவிடவும்.'

கண்ணாடித் திரைக்கு என்ன தெரியும்? அவர் சொன்னதைத்தான் அது ஊருக்கெல்லாம் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. டாக்டருக்குச் சொன்னது, மகளுக்குச் சொன்னது, கடைக்காரருக்குச் சொன்னது. எல்லாரும் அதை நம்பினார்கள். அவர் ஒருவர்தான் நம்பவில்லை. அவர் பேச்சைக் கேட்கத்தான் இனி யாரும் மிச்சமில்லை.

பத்தாம் நாளிலிருந்து அவள் காலைப் பார்க்கவே அவருக்குப் பயமாக இருந்தது. கணுக்காலில் சாக்ஸின் விளிம்பு வெட்டினாற்போல் பதிந்திருந்தது. கட்டை விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. விழுந்த குழி எழுந்திருக்க நேரமாயிற்று. அவர் மனசுக்குள் எண்ணினார். முதலில் எட்டு எண்ணுவதற்குள் எழுந்தது. இரண்டு நாள் கழித்து இருபது வரை எண்ண வேண்டியிருந்தது.

"என்ன அமுக்கிப் பார்க்கறீங்க, பழமா?" என்றாள்.

"வலிக்குதா?"

"இல்லையே. நல்லாத்தான் இருக்கேன். எண்ணு நல்லாத்தானே வருது?"

"ம்."

"அப்புறம் என்ன மூஞ்சியை இப்படி வச்சுக்கிட்டு?"

அறுபத்து நான்கு ஒன்பது. அறுபத்தைந்து ஐந்து. அறுபத்தாறு மூன்று. ஒவ்வொரு காலையும் அவர் குனிந்தார், பார்த்தார், நிமிர்ந்தார், அறுபத்தொன்று என்று ஆரம்பிக்கிற ஏதோ ஒன்றைச் சொன்னார். ஒரே எண்ணைப் போட்டால் சந்தேகம் வரும் என்று ஒரு நாள் புள்ளி இரண்டு, ஒரு நாள் புள்ளி நான்கு என்று மாற்றி மாற்றிப் போட்டார். திருத்தி எழுதுகிறவனுக்கு அந்தக் கலை தானாக வரும். உண்மை எண்கள் மட்டும் ஒன்றுவிடாமல் மண்டைக்குள் போய் வரிசையாக நின்றன.

இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று பார்த்தார். முதல் நாள் சொல்லியிருந்தால் ஒரு கிலோ. இப்போது சொன்னால் ஐந்து கிலோ, பன்னிரண்டு நாள், ஒரு டாக்டரின் மாத்திரை, ஒரு மகளின் லீவு. நாள் போகப்போக அந்த ஒரு வாக்கியம் கனத்துக்கொண்டே போயிற்று, அவளைப் போலவே.

பதிமூன்றாம் நாள் அவள் தலையணை இரண்டு வேண்டும் என்றாள். முதுகு வலி என்றாள். பதினான்காம் நாள் காலையில் அறுபத்தெட்டு புள்ளி ஒன்று. அவர் அறுபத்தொன்று புள்ளி மூன்று என்று போட்டார். பச்சை.

அன்று பதினொரு மணிக்குக் கடைக்குப் போய்விட்டு வந்தவர் கதவைத் திறந்தார். அவள் கட்டில் விளிம்பில் தலையணையைக் கட்டிக்கொண்டு முன்பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம். மூச்சு, நனைந்த துணியைக் கசக்குகிற மாதிரி சத்தம் போட்டது.

"என்னாச்சு?"

"ஒண்ணு... மில்ல" என்றாள். அந்த ஒரு சொல்லை இரண்டாக உடைத்துத்தான் அவளால் சொல்ல முடிந்தது.

அவர் போனை எடுத்தார். உண்மையைப் போட்டார். அறுபத்தெட்டு புள்ளி ஒன்று. இந்த முறை சிவப்பு வரட்டும், வண்டி வரட்டும் என்று காத்திருந்தார். சிவப்பு வரவில்லை. திரையில் ஒரு வரி வந்தது. 'இன்றைய அளவு ஏற்கெனவே பதிவாகியுள்ளது. புதிய அளவில் அதிக வேறுபாடு உள்ளது. தவறாகத் தட்டியிருக்கலாம். சரிபார்க்கவும்.' மறுபடியும் போட்டார். மறுபடியும் அதே வரி. பதினான்கு நாள் பொய்யை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது, ஓர் உண்மையை வாங்கமாட்டேன் என்றது.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு நர்ஸைப் பிடித்தார்.

"என் வீட்டுக்காரிக்கு மூச்சு முட்டுதும்மா. எடை அறுபத்தெட்டு."

"ஒரு நிமிஷம் ஐயா, பார்க்கறேன்... இல்லையே ஐயா, காலையில அறுபத்தொண்ணு மூணுதானே? கருவியைச் சமமான தரையில வச்சுப் பாருங்க. பேட்டரியையும் ஒரு தடவை..."

"பேட்டரி நல்லா இருக்கு."

"ஒரே நாள்ல ஏழு கிலோ ஏறாது ஐயா. பதற்றப்படாதீங்க. உங்க பதிவு எவ்வளவு ஒழுங்கு தெரியுமா? மத்தவங்களுக்கு நாங்க உங்களைத்தான் சொல்லிக் காட்டறோம். கொஞ்ச நேரம் அவங்களை நிமிர்ந்து உட்கார வச்சு..."

"ஏம்மா! நான் போட்டதெல்லாம் பொய்."

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. இந்தப் பக்கம் கட்டிலில் தலை நிமிர்ந்தது. இரண்டையும் அவர் ஒரே நேரத்தில் உணர்ந்தார்.

"எத்தனை நாளா?" என்றார் நர்ஸ். குரலில் ஐயா போய்விட்டிருந்தது.

"பதினாலு."

"அட்ரஸ் இருக்கு. வண்டி வருது. வாசல் கதவைத் திறந்து வைங்க."

அவசரப் பிரிவில் அவளுக்கு ஆக்சிஜன் முகமூடி மாட்டினார்கள். பணியில் இருந்த பெண் டாக்டருக்கு மகள் வயசுதான் இருக்கும். கையில் பலகை மாதிரி ஒரு திரை. அதில் இன்னமும் அந்தப் பச்சை வட்டங்கள்தான்.

"இதை நம்பி நான் ஒரு சொட்டு மருந்து ஏத்த முடியாது" என்றார் டாக்டர். "உண்மையான எடை எங்கயாவது எழுதி வச்சிருக்கீங்களா?"

"எழுதலை. சொல்றேன்."

"எல்லா நாளும் ஞாபகம் இருக்கா?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒப்பித்தார். "அறுபத்திரெண்டு நாலு. அறுபத்திரெண்டு. அறுபத்தொண்ணு ஏழு. அறுபத்திரெண்டு மூணு." டாக்டரின் விரல் ஓடியது. அறுபத்து மூன்று வந்தது, அறுபத்து நான்கு வந்தது. முழு மாத்திரை என்றைக்குத் தீர்ந்தது என்பதையும் சொன்னார். அறுபத்தேழு இரண்டு வந்தது, கடைசியில் அறுபத்தெட்டு ஒன்று. மனைவி முகமூடிக்கு மேலே கண்ணை அகல விரித்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினான்கு எண்களையும் அவள் அப்போதுதான் முதல் முறையாகக் கேட்டாள்.

"பழசை அழிக்க முடியாது. கீழே குறிப்புத்தான் போடலாம்" என்று டாக்டர் யாருக்கோ சொன்னார்.

மனைவி முகமூடியைக் கையால் விலக்கினாள். நர்ஸ் தடுக்கப் போனார். அவள் விடவில்லை.

"ஒரு வாரமா... எனக்கு மூச்சு வாங்குது" என்றாள். நடுநடுவே நிறுத்தி, காற்றைத் தேடித் தேடிப் பேசினாள். "நீங்க தினம் நல்ல எண்ணு சொன்னீங்க. சரி, இது என் மனப்பிரமைன்னு... உங்களைப் பயமுறுத்த வேணாம்னு... நான் சொல்லவே இல்ல."

அவர் அவள் கையைப் பிடிக்கப் போனார். அந்தக் கை முகமூடியைத் திரும்ப மாட்டிக்கொள்ளப் போய்விட்டது. கட்டிலை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மகளுக்குப் போன் போட்டார். மூன்றாவது மணிக்கு எடுத்தாள்.

"கிளம்பி வா."

"ஏன்ப்பா? இப்பதான் பார்த்தேன், எல்லாம்..."

"அதைப் பார்க்காத. அடுத்த ரயிலைப் பிடி. வந்து என்னை என்ன வேணா கேளு."

அவள் ஏதோ கேட்டாள். அவர் வைத்துவிட்டார்.

ஒரு மணி நேரம் போயிற்று. கதவைத் திறந்துகொண்டு பெண் டாக்டர் வந்தார். முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. பாய்லர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"ஊசி போட்டிருக்கோம். சிறுநீர் இறங்கவே மாட்டேங்குது. கிட்னி எப்போலேருந்து இப்படின்னு எனக்குத் தெரியணும். நேத்து, முந்தாநேத்து அவங்களுக்கு எவ்வளவு போச்சு? உத்தேசமா சொன்னாப் போதும்."

பாய்லர் எடையைப் பார்த்திருந்தார், அவள் காலைப் பார்த்திருந்தார், குழி எழுவதைக்கூட எண்ணியிருந்தார். சிறுநீர் எவ்வளவு போகிறது என்பதை அவர் ஒரு நாளும் பார்க்கவில்லை. அவளும் சொல்லவில்லை. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டபோதெல்லாம் சின்ன டம்ளரை நீட்டியது மட்டும்தான் தெரியும். எழுநூறு, எண்ணூறு மில்லி இருக்கும் என்று ஓர் எண், கேட்கிறவருக்குப் பிடித்த மாதிரி நல்ல எண், தானாக வந்து நாக்கு நுனியில் உட்கார்ந்தது. டாக்டரின் விரல் திரைக்கு மேலே காத்திருந்தது.

"தெரியாதும்மா" என்றார்.

"சுமாராக்கூட?"

"தெரியாது."

டாக்டர் அவரை ஒரு கணம் பார்த்தார். ஒன்றும் தட்டாமல் திரையை அணைத்து இடுக்கிக்கொண்டு, வந்ததைவிட வேகமாக உள்ளே போனார். கதவு ஆடி நின்றது. அதற்கு அப்பால் யாரோ ஒருவர் இன்னொருவரை ஓடி வரச் சொல்லிக் கூப்பிடும் குரல் கேட்டது.